அரிசிமா வியாபாரத்துக்கும் பீ.ஆர் (வியாபாரப் பெயர்ப் பதிவு) எடுக்கணுமா? மானிய மெசின் எடுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

இடிச்சமா:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கம். அம்மா, மாமி, நான் மூணு பேரும் வீட்டில அரிசிமா செஞ்சு பக்கற் போட்டுக் கடைகளுக்குக் குடுக்கிறம். இடியப்பத்துக்கு வெள்ளை, பிட்டுக்குச் சிவப்பு. இடிச்சமா எண்டு பேர்தான், அரைக்கிறது மில்லில. வறுக்கிறதும் அரிக்கிறதும்தான் எங்கட கைவேலை. அந்தப் பதம் பிடிச்சுத்தான் ஆக்கள் திரும்பி வந்து கேக்காங்க.

இப்ப பிரதேச செயலகத்தில இருந்து சிறுதொழில் பகுதிப் பிள்ளை ஒண்டு வீட்டுக்கு வந்து பார்த்தவ. முதல்ல பீ.ஆர் எடுங்க, பிறகு பயிற்சிக்கு வாங்க, அதுக்குப் பிறகு மா அரைக்கிற மெசினுக்குப் பாதிக்காசு மானியமாக் கேட்டு விண்ணப்பிக்கலாம் எண்டா. நல்ல பிள்ளை, வடிவா விளங்கப்படுத்தினவ.

அம்மா ஒரே பிடிவாதம். பதிஞ்சா வரி வருமாம், அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக்காசு வெட்டுப்படுமாம், பீ.எச்.ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்து குசினியப் பார்த்துப் பூட்டிப் போடுவாராம். மாமி சொல்றா, மெசின் தந்தா எடு, மத்த எதுக்கும் அந்தப் பக்கம் போகாத எண்டு. ஆர்ர கதைய நான் கேக்கிற?

படுவான்காற்று:

மாமிதான் விபரமான ஆள். மெசின எடுங்க, மத்ததெல்லாம் கடதாசி.

ஆனா ஒண்டு சொல்றன். எங்கட படுவான்கரையில தையல் மெசின் இல்லாத வீடு காண ஏலாது. சுனாமிக்குப் பிறகு ஒருக்கா குடுத்தாங்க, 2007இல சண்டை ஓஞ்சு ஆக்கள் திரும்பி வந்தாப்போல ஒருக்கா, 2011 வெள்ளத்துக்குப் பிறகு ஒருக்கா. நிறுவனமும் குடுத்த, அரசாங்கமும் குடுத்த. மெசினுக்கு மேல சீலையப் போட்டு சாமிப்படம் வச்சிரிக்காங்க. தைக்கிற வீட்டைத் தேடித்தான் போகணும். ஒரு ஊருக்கே சட்டை தைக்க ரெண்டு பேர் போதும், நாப்பது பேருக்கு மெசினக் குடுத்தா ஆருக்குத் தைக்கிற?

பழைய கச்சேரி:

மகள், நான் நிர்வாக சேவையில் இருந்து ஓய்வு பெற்றவன். அம்மாவின் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன், அவர் காலத்தில் அரசாங்கக் கடதாசி என்றாலே பயப்படக் காரணம் இருந்தது. ஆனாலும் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

பீ.ஆர் என்று நாம் சொல்லும் தொழிற்பெயர்ப் பதிவு 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வந்த பழைய ஏற்பாடு. ஒருவர் தன் சொந்தப் பெயரல்லாத வேறு பெயரில் வியாபாரம் செய்தால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்று அரசாங்கப் பதிவில் இருக்க வேண்டும். அதன் நோக்கம் அவ்வளவுதான். விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் இடத்தை உறுதிப்படுத்தி, அடையாள அட்டைப் பிரதியோடு கொடுக்க வேண்டும். வரி அறவிடுவது உள்நாட்டு இறைவரித் திணைக்களம், அது வேறு வாசல். 2025 ஏப்ரலில் இருந்து தனியாளுக்கு ஆண்டுக்குப் பதினெட்டு இலட்சம் ரூபா வரை வருமான வரி விலக்கு இருக்கிறது. மாதம் ஒன்றரை இலட்சம் இலாபம் கையில் நின்றால்தான் அந்தப் பேச்சே வரும். வற் (பெறுமதி சேர் வரி) பதிவு எல்லையை 2024 ஜனவரியில் எட்டுக் கோடி விற்பனையில் இருந்து ஆறு கோடிக்கு இறக்கினார்கள். இன்னும் எவ்வளவு இறக்கினாலும் உங்கள் அரிதட்டுக்கு அது எட்டாது.

அஸ்வெசும விஷயம் அப்படி ஒரே வரியில் முடியாது. அங்கே ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள் வைத்துப் புள்ளி போடுகிறார்கள்: கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீடு, குடும்ப நிலை. பீ.ஆர் துண்டு ஒன்று இருப்பதற்காக யாரையும் வெட்டுவதில்லை. ஆனால் வீட்டு மின்சாரப் பாவனையும் பார்க்கப்படுகிறது. ஆகவே மெசினை வீட்டு மீற்றரில் கொழுவி ஓட்டினால் கரண்ட் பில்லோடு மட்டும் கணக்கு முடியாது. பீ.ஆரைவிட எனக்கு அந்த மெசின்தான் யோசனை.

பீ.எச்.ஐ பற்றிப் பிறகு எழுதுகிறேன். அவர் உங்களுக்கு எதிரி இல்லை.

படுவான்காற்று:

ஐயா, பதினெட்டு இலட்சம், ஆறு கோடி எண்டு சொல்றீங்க. அந்தத் தொகைகளப் பார்த்தாலே தெரியுதே இந்தச் சட்டமெல்லாம் ஆருக்கு எழுதினது எண்டு.

கணக்குப்புள்ள:

படுவான் சொன்னதுல விஷயம் இருக்கு. இலங்கையின்ர சிறு, நடுத்தரத் தொழில்முயற்சிகளுக்கான தேசியக் கொள்கையில நுண் தொழில் எண்டா என்ன தெரியுமா? ஆண்டு விற்பனை ஒண்டரைக் கோடிக்குக் கீழ, வேலையாள் பத்துக்குக் கீழ. அப்ப கல்முனையில எட்டுப் பேரை வச்சு பேக்கரி நடத்துறவரும் இடிச்சமாவும் ஒரே பெட்டி. கடன் திட்டம் ஒண்டு வந்தா வங்கி முகாமையாளர் ஆருக்குக் குடுப்பார்? அவர்ல பிழை இல்ல, அவருக்கும் கடன் திரும்பி வரணும். நுண் தொழிலுக்கு இத்தனை கோடி குடுத்தம் எண்டு அறிக்கையும் சரியா வரும்.

தங்கச்சி, ஒரு கிலோவுக்கு என்ன செலவு, கடைக்கு என்ன விலை, காசு எப்ப கைக்கு வருது? இத மூண்டையும் எழுதுங்க. மெசின் வேணுமா எண்டு பிறகு பேசுவம்.

இடிச்சமா:

அண்ணா, பச்சையரிசி கிலோ 220 எண்டு வைங்க. 2024 டிசம்பர்ல போட்ட கட்டுப்பாட்டு விலை அதுதான், அந்த விலைக்குக் கிடைக்காத நாளும் இருக்கு. மில் கூலி 25. விறகு, ஓட்டோ எல்லாம் சேர்த்து 30. பக்கற்றும் லேபலும் 18. வறுக்கக்குள்ள, அரிக்கக்குள்ள கழியிறது ஒரு 20. கடைக்கு 350க்குக் குடுக்கிறம், அவங்க 390, 400க்கு விக்காங்க. ஒரு நாளைக்கு 20 கிலோ. காசு அடுத்த தரம் மா கொண்டு போகக்குள்ளதான். சில கடை ரெண்டு கிழமை இழுக்கும்.

கணக்குப்புள்ள:

சரி, பாருங்க.

220, 25, 30, 18, 20. கூட்டினா 313. கடை விலை 350. கிலோவுக்கு மிஞ்சிறது 37. இருபது கிலோவுக்கு 740 ரூபா. அதுவும் மூணு பொம்புளையளின்ர ஒரு நாள் கூலி!

இப்ப மத்தப் பக்கம் பாருங்க. ஒரு நாள் மாவுக்குள்ள உங்கட காசு 6,260 போகுது. கடைக்காரர் ரெண்டு கிழமை இழுத்தா, கிழமைக்கு ஆறு நாள் வேலை எண்டு பார்த்தா, 75,120 ரூபா கடைத் தட்டில கிடக்கு. வட்டியில்லாம நீங்க கடைக்காரருக்குக் குடுத்த கடன் அது. அரசாங்கம் உங்களுக்குக் கடன் தருமா எண்டு நாம கதைக்கிறம், நீங்க ஏற்கெனவே ஊருக்கே கடன் குடுத்துக்கொண்டு இருக்கீங்க.

மெசின் ஒண்டரை இலட்சம் எண்டு வைப்பம். பாதி மானியம், மீதி 75,000 உங்கட பங்கு. அதே எழுபத்தஞ்சாயிரம்! மெசின் வந்தா மிஞ்சிறது அந்த 25 ரூபா மில் கூலி, அதிலயும் கரண்டுக்குப் போகும். சரி, மெசின் வந்ததெண்டு நாளைக்கு 40 கிலோ செஞ்சா? கடைத் தட்டில கிடக்கிற காசு ஒண்டரை இலட்சமாகும். வறுக்கிறது அந்த மூணு பேரும் அந்த ஒரு அடுப்பும்தான். உங்கட தொழில்ல இறுகி நிக்கிற இடம் அரைக்கிறது இல்ல.

மானியம் குடுக்கிற திணைக்களத்துக்கு மெசின் குடுக்கிறது லேசு. கையால தொட்டுக் காட்டலாம், இலக்கம் அடிச்சு ஒட்டலாம், கணக்காய்வு வந்தா வீட்டுக்கே கூட்டிப் போய்க் காட்டலாம். அரிசி வாங்கக் காசு குடுத்தா ரெண்டு கிழமையில அரிசியும் இல்ல, பக்கற்றும் இல்ல, கணக்காய்வுக்கு என்னத்தக் காட்டுவாங்க?

மருதமுனைத் தறி:

கணக்குப்புள்ள காக்கா எங்கட கதையத்தான் சொல்றார். நான் மருதமுனை. வாப்பா நெய்தவர், நானும் நெய்யிறன், சாரியும் சாறனும்.

தறி எங்களுக்குப் பல இடத்தால கிடைச்சிரிக்கு. பயிற்சியும் இரிக்கு, மாகாணத்துக் கிராமியக் கைத்தொழில் திணைக்களம் நெசவு பழக்குற. பிள்ளையள் பழகிட்டு வெளிய வாறாங்க. வந்து? நூலுக்கு ஆர் காசு போடுற? நூலையும் சாயத்தையும் முதலாளி தருவார், நெய்ஞ்சு குடுத்தா சாரிக்கு இவ்வளவு எண்டு கூலி. தறி எங்கட வீட்டுக்குள்ள நிக்கிது, ஓடுறது முதலாளிர நூல்ல. அப்ப அந்தத் தறி ஆர்ர?

2022இல டொலர் இல்லாம நூலும் சாயமும் ஏறின ஏத்தம் இரிக்கே, அப்ப விளங்கிச்சு. நூல் இல்லாம தறி சும்மா கிடந்த. கரண்ட் வெட்டு எங்களுக்குப் பெரிசா அடிக்கல்ல, கைத்தறிதானே. மத்த ஆக்களுக்குப் பதிமூணு மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளும் வந்திச்சு. ஆனா நூல் இல்லாட்டி என்ன செய்ற? அந்த நேரம் ஊருக்கு ஒரு நூல் களஞ்சியம் வச்சு, கடனுக்கு நூல் தந்து, சாரி வித்தாப்போல கழிச்சிரிந்தா ஒரு தறி கூட ஓடாம நிண்டிரிக்காது. இதக் கூட்டத்தில எழும்பிச் சொன்னன். குறிச்சுக் கொண்டாங்க.

தங்கச்சி, மெசின விடுங்க. அரிசிய நெல்லறுப்பு நேரம் மலிவா வாங்கி வைக்க ஆராவது காசு தருவாங்களா எண்டு கேளுங்க.

சென்னை மட்டுநகரான்:

இங்க தமிழ்நாட்டில நடக்கிறதச் சொல்றேன், ஒப்பிட்டுப் பாருங்க. நான் ஊரை விட்டு வந்து கனகாலம்.

ஒன்றிய அரசு 2023 செப்டெம்பர்ல விஸ்வகர்மா எண்டு ஒரு திட்டம் கொண்டு வந்தது, 18 பாரம்பரியத் தொழிலுக்கு. அது குலத்தொழிலத் திரும்பப் பிடிச்சுக் கட்டுற மாதிரி இருக்கு எண்டு தமிழ்நாடு அரசு ஏக்க மறுத்து, 2025 ஏப்ரல்ல கலைஞர் கைவினைத் திட்டம் எண்டு தன்ர திட்டத்தத் தொடங்கிச்சு. மூணு இலட்சம் ரூபா வரை கடன், அதில காற்பங்கு, கூடினது 50,000, மானியம். வட்டியிலயும் 5 சதவீதம் அரசு ஏக்குது. மாவட்டத் தொழில் மையத்தில போய்க் கேக்கலாம். வங்கியில இழுத்தடிக்கிற கதை இங்கயும் தாராளமா இருக்கு, நான் புகழ வரல்ல. ஆனா மேல இருந்து வாற திட்டம் பிடிக்கல்ல எண்டா, எங்களுக்கு வேற மாதிரி வேணும் எண்டு சொல்லிச் செய்ய ஒரு மாநில அரசு இருக்கு. கிழக்கில அத ஆர் சொல்றது?

பழைய கச்சேரி:

சென்னைத் தம்பியின் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2007 ஜனவரி முதலாம் திகதி கிழக்கு தனி மாகாணமானது. 2008 மே மாதம் முதல் தேர்தல், 2012இல் அடுத்தது. 2017 செப்டெம்பரில் சபையின் காலம் முடிந்தது. அதன் பின் தேர்தல் வைக்கவில்லை, ஆளுநரின் கீழ் நிர்வாகம் நடக்கிறது. கூட்டுறவும் கிராம அபிவிருத்தியும் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தப்படி மாகாணத்தின் கையில் உள்ள விடயங்கள். திணைக்களம் இருக்கிறது, உத்தியோகத்தர் இருக்கிறார்கள், சம்பளம் போகிறது. நூல் களஞ்சியம் வேண்டும் என்று மருதமுனைத் தம்பி சொன்னால், அதைச் சபையில் எழுப்பி வரவு செலவுத் திட்டத்தில் போடச் சொல்ல ஒரு உறுப்பினர் இல்லை. குறித்துக் கொள்வதோடு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படுவான்காற்று:

சபை இரிந்த காலத்தில மட்டும் நூல் களஞ்சியம் வச்சாங்களா ஐயா?

பழைய கச்சேரி:

வைக்கவில்லை. ஆனால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்று அப்போது தெரிந்திருந்தது.

கிழமைக்காசு:

நான் வாகரைப் பக்கம். கருவாடு போடுறன். இவ்வளவு நேரம் வாசிச்சுக்கொண்டு இருந்தன், ஒரு சாமானும் எழுதல்ல. கடன் வேணும், கடன் வேணும் எண்டு எழுதுறவங்க கடனப் பத்தியும் கொஞ்சம் கேளுங்க.

எங்கட ஊருக்குக் கடன் வராம இருந்ததில்ல. வாசலுக்கே மோட்டார் சைக்கிள்ல வந்திச்சு. அஞ்சு பேர் குழு, ஒராள் கட்டாட்டி மத்த ஆக்கள் கட்டணும். 50,000 எடுத்தா ஒரு வருசத்தில 62,000 கட்டு, கிழமைக்கு 1,192 ரூபா. 24 வீத வட்டிதான் அக்கா எண்டு சொன்னாங்க. நாம கிழமைக்குக் கிழமை முதலையும் கட்டிக்கொண்டு வாறம், ஆனா வட்டி கடைசி வரைக்கும் முழு அம்பதாயிரத்துக்கும்தான். குறைஞ்சு வாற மீதிக்குக் கணக்குப் பார்த்தா அது கிட்டத்தட்ட இருமடங்கு எண்டு பிறகு ஒரு வங்கித் தம்பி சொல்லித் தந்தார். கடல் கொந்தளிச்சா மீன் இல்ல, மழை பெஞ்சா கருவாடு காயாது. கிழமை மட்டும் தவறாம வரும்.

2018இல வறட்சி மாவட்டப் பொம்புளைகளுக்கு ஒரு இலட்சத்துக்குள்ள இருந்த நுண்கடனக் கழிச்சு விட்டாங்க. பதிஞ்ச கம்பனிக் கடனுக்குத்தான் அது. பிறகு வட்டிக்கு 35 வீதம் எண்டு உச்சமும் வச்சாங்க. எனக்குக் கொஞ்சம் கழிஞ்சது. ஆனா இன்னும் ஒரு கம்பனிக் கடனால கிறிப்பில, கடன் கட்டாத விபரம் வச்சிருக்கிற இடத்தில, பேர் கிடக்கு. அரச வங்கிக்குப் போனா முதல்ல அதத்தான் திறந்து பார்க்காங்க. பிணைக்கு ரெண்டு அரச உத்தியோகத்தர் கேக்காங்க. எங்கட குடும்பத்தில அரச உத்தியோகம் பார்க்கிற ஒரே ஆள் கிளிநொச்சியில.

உண்மையச் சொன்னா, எனக்கு அரசாங்கம் செஞ்ச பெரிய தொழில் உதவி அரச வங்கி அடகுக் கவுண்டர்தான். தாலிக்கொடிய வச்சு மீன் வாங்குவன், கருவாடு வித்து மீட்பன், திரும்ப வைப்பன். பிணையும் கேக்கிறதில்ல, பயிற்சியும் கேக்கிறதில்ல, போட்டோவும் எடுக்கிறதில்ல.

கணக்குப்புள்ள:

அக்கா, நான் இதுவரை வாசிச்ச நுண் தொழில் அறிக்கை ஒண்டிலயும் அடகுக் கவுண்டர் இல்ல. உங்கட பதிவத் திரும்பத் திரும்ப வாசிச்சன். விரும்பின நேரம் எடுத்து விரும்பின நேரம் அடைக்கிற கடன் அது ஒண்டுதான். மத்ததெல்லாம் நாள் குறிச்ச கடன்.

பொத்துவில் றொட்டி:

நாள் குறிச்ச கடன் எண்டதுக்கு நானும் ஒண்டு சொல்றன். அறுகம்பையில சின்னக் கடை, றொட்டியும் ஜூசும். வைகாசி தொடங்கி ஐப்பசி வரை வெள்ளைக்காரன். பிறகு மழை, ஒரு குருவி இல்ல. வங்கிக் கடன் மாசம் மாசம் கட்டணும். கார்த்திகை, மார்கழி, தை மூணு மாசமும் நான் சீசன்ல உழைச்சத வச்சு வங்கிக்குக் கட்டிட்டு, அடுத்த சீசன் தொடங்கக்குள்ள கடை திருத்தக் காசில்லாம வட்டிக்கு எடுக்கிற. வயல்காரருக்குப் போகத்துக்கு ஏத்த மாதிரிக் கடன் இரிக்கு. எங்களுக்கும் அப்பிடி எழுதினா என்ன குறைஞ்சு போகும்? முகாமையாளர்ட்டக் கேட்டன், கொம்பியூட்டர்ல அந்த இடம் இல்லையாம்.

இன்னொண்டு. எங்கட மாவட்டத்தில இருவது பிரதேச செயலகம். மேல இருந்து வாற படிவம் சில நேரம் சிங்களத்தில மட்டும் வரும். நிரப்பித் தர ஒரு ஆளத் தேடி, அவருக்கும் தேத்தண்ணிக் காசு. பெரிய விஷயம் இல்ல எண்டு நினைப்பாங்க. முடிவுத் திகதி அதுக்குள்ள போயிரும்.

படுவான்காற்று:

இப்ப விளங்குதா ஏன் மெசின எடு, மத்தத விடு எண்டு சொன்னன் எண்டு. கைக்கு வந்த சாமான் மட்டும்தான் எங்களுக்கு.

மருதமுனைத் தறி:

காக்கா, கைக்கு வந்த சாமானுக்கு மேல சாமிப்படம் வச்சிரிக்கு எண்டும் நீங்கதானே எழுதின.

பழைய கச்சேரி:

படுவான் தம்பியோடு எனக்கு ஒரு விஷயத்தில் உடன்பாடு இல்லை. கடதாசி என்று அவர் ஒதுக்குவதில்தான் மகளுக்கு இப்போதைக்கு ஆதாயம். பீ.ஆர் இருந்தால் வியாபாரப் பெயரில் நடைமுறைக் கணக்குத் திறக்கலாம், காசோலை வாங்கலாம். ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச்சாலை, பாடசாலைக் காலை உணவு, கூட்டுறவுக் கடை எல்லாம் பீ.ஆர் பிரதி இல்லாமல் எடுக்கத் தயங்குவார்கள். மாமாங்கம் ஆடி அமாவாசை நாட்களில் விற்பனைக்கூடம் கேட்டாலும், மாவட்டக் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கடைக்காரரின் இரண்டு கிழமைக் கடனில் இருந்து தப்ப வழி கைக்காசுக்கு விற்கும் இடங்களைத் தேடுவதுதான், அந்த இடங்களுக்கு இந்தத் துண்டு வேண்டும்.

எந்த வாசலுக்குப் போவது என்பதையும் சொல்லி விடுகிறேன், ஏனென்றால் எங்கள் நிர்வாகம் அதை ஒரே இடத்தில் எழுதி வைத்ததே இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை சிறுதொழில் முயற்சி அபிவிருத்திப் பிரிவு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த கைத்தொழில் அபிவிருத்திச் சபை வேறு, உற்பத்தி நுட்பம், இயந்திரம் பற்றி அங்கே கேட்கலாம். 2006இல் வந்த தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபை வேறு. விதாதா வள நிலையம் வேறு, உணவுப் பொருளின் பொதி, ஈரப்பதம், பழுதாகாமல் வைக்கும் முறை போன்றவற்றில் அவர்கள் உதவியானவர்கள். வறுமை ஒழிப்புத் திட்டத்தின் சமுர்த்தி வங்கி வேறு. மாகாணத் திணைக்களம் வேறு. ஒருவரிடம் உள்ள பெயர்ப்பட்டியல் மற்றவரிடம் இருக்காது. ஒரே பெண் எல்லாவற்றிலும் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பதும், அடுத்த வீட்டுப் பெண் ஒன்றிலும் இல்லாததும் நான் கண்டவை. அது ஊழல் அல்ல, வாசல் தெரிந்தவர் தெரியாதவர் வித்தியாசம்.

சமுர்த்தி வங்கியில் அஞ்சு பேர் சிறுகுழுவாகச் சேர்ந்தால் கடன் எடுக்கலாம். கிழமைக் கம்பனிக்கு முன் அதைக் கேளுங்கள்.

கிழமைக்காசு:

ஐயா சொல்றது சரி, சமுர்த்தி வட்டி குறைவு. ஆனா தொகையும் குறைவு, கேட்ட நேரம் வராது. அத நம்பி அரிசிக்கு ஓடர் குடுக்க வேணாம் தங்கச்சி. காசு கைக்கு வந்தாப்போல ஓடர் குடுங்க.

இடிச்சமா:

எல்லாருக்கும் நன்றி. கணக்குப்புள்ள அண்ணாட கணக்க அம்மாவுக்கும் மாமிக்கும் வாசிச்சுக் காட்டின நான். அம்மா வரியப் பத்தி மறந்துட்டா. அந்த எழுபத்தஞ்சாயிரத்தக் கேட்டாப்போல எழும்பிப் போய்க் கடைக் கொப்பிய எடுத்துக்கொண்டு வந்துட்டா. ஆர் ஆர் எவ்வளவு தரணும் எண்டு இப்ப வீட்டில பெரிய விசாரணை நடக்கு.

முடிவு இதுதான். பீ.ஆர் எடுக்கிறம். கிராம சேவகர்ட்டக் கையெழுத்து வாங்கியாச்சு. பயிற்சிக்கு நான் போறன். மெசினுக்கு இப்ப விண்ணப்பிக்கல்ல. அந்தப் பிள்ளைக்கிட்டச் சொன்னன், மெசினுக்குப் பதிலா பெரிய வறுக்கிற தாச்சியும் பக்கற் ஒட்டுற சீலரும் மானியத்தில கேக்கலாமா எண்டு. பட்டியல்ல இருக்கா எண்டு பார்த்துச் சொல்றன் எண்டா. இழுக்கிற கடைக்கு மா குடுக்கிறத நிப்பாட்டப் போறம், மாமிதான் போய்ச் சொல்லுவா, எனக்கு வாய் வராது.

பீ.எச்.ஐ பத்தி எழுதுறன் எண்டீங்களே ஐயா, லேபல்ல என்னென்ன போடணும்?

பழைய கச்சேரி:

நல்ல முடிவு. பீ.எச்.ஐ வரும் வரை காத்திருக்காமல் நீங்களே அலுவலகத்துக்குப் போய் வந்து பார்க்கச் சொல்லுங்கள். தானாக அழைத்த வீட்டை அவர்கள் பார்க்கும் விதம் வேறு. அடுப்புக் கூரையில் ஒட்டடை, தண்ணீர், அரிசி வைக்கும் இடத்தில் எலி, தலைக்குத் துணி, இவற்றைத்தான் பார்ப்பார்கள். மா ஆற வைக்கும் இடத்துக்கு வலை அடியுங்கள். கோழி உள்ளே வராமல் ஒரு தட்டி.

லேபலில் பொருளின் பெயர், நிறை, உற்பத்தியாளர் பெயரும் விலாசமும், சேர்ந்திருப்பவை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, அதிகூடிய சில்லறை விலை இவை இருக்க வேண்டும். தொகுதி இலக்கம் என்றால் பயப்பட வேண்டாம், வறுத்த நாளை இலக்கமாகப் போட்டாலே போதும், ஒரு பக்கற்றில் பூச்சி வந்தால் அன்று வறுத்தது முழுவதையும் திரும்ப எடுக்கலாம். பெரும்பாலானவர்கள் மறப்பது தராசு. வியாபாரத் தராசுக்கு ஆண்டுதோறும் அளவீட்டு அலகுத் திணைக்களத்தின் முத்திரை வேண்டும். முத்திரை குத்த ஊருக்கு வரும் நாளைப் பிரதேச செயலகத்தில் கேட்டு வையுங்கள். ஒரு கிலோ என்று போட்ட பக்கற்றில் 980 கிராம் இருந்தால் அங்கேதான் உண்மையில் தண்டம் வரும்.

பொத்துவில் றொட்டி:

தங்கச்சி, சிவப்பு மா மொத்தமா என்ன விலை? பிட்டுக்கு எனக்கு வேணும், சீசன் முழுக்க. கைக்காசு.

இடிச்சமா:

அண்ணா, பொத்துவிலுக்கு பஸ்ல போட்டு விடலாம், ஆனா கூலி வரும். எத்தின கிலோ எண்டு சொல்லுங்க, மாமிட்டக் கேட்டு விலை போடுறன்.

மட்டறுத்துநர்:

விலை, ஓடர் எல்லாம் விற்பனைப் பகுதியில் போடவும். இந்த இழை திறந்தே இருக்கும். மானியப் பட்டியலில் தாச்சி இருக்கிறதா என்று தெரிந்ததும் இடிச்சமா இங்கேயே எழுதவும், கேட்டு வேறு ஆட்களும் தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள்.